தண்டவாளப் பக்கத்துப் படுக்கையறை

ஊருக்கெல்லாம் அவள் ஆர்க்கிடெக்ட் மேடம். அண்ணனுக்கு மட்டும் பாப்பா. வயது நாற்பதைத் தாண்டி, காதோரம் நரை எட்டிப் பார்த்து, மூக்கில் கண்ணாடி ஏறிய பிறகும் பாப்பாதான். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம். அவள் செய்து வைத்திருக்கிற காரியத்துக்கு மேடம் என்கிற மரியாதையெல்லாம் கொஞ்சம் அதிகம்.

அன்றைக்குக் காலையில் பாப்பா ரயிலில் ஏறியபோது அக்குளில் ஒரு வரைபடச் சுருள் இருந்தது. கூட்டுறவு வீட்டுவசதி சங்கத்தின் இரண்டாவது கட்டடம். முதல் கட்டடத்தில் போன வருடமே எல்லாரும் குடியேறி, பால்கனியெல்லாம் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஸ்டேஷனை ஒட்டிய இடம். வாசலைத் தாண்டினால் ரயில், ரயிலில் ஏறினால் வேலை. நகரத்துக்குள் வாடகை கொடுத்து மூச்சுத் திணறியவர்கள் எல்லாம் சங்கத்தில் சேர்ந்து, சொந்தமாக ஒரு கூரைக்கடியில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பெருமை பாப்பாவுக்கு உச்சந்தலை வரைக்கும் இருந்தது. இருக்காதா பின்னே? சாயங்காலம் சங்கக் கூட்டம். இரண்டாவது கட்டடத்துக்கும் அதே வரைபடம்தான். கை தூக்கிச் சம்மதம் சொல்லவேண்டியதுதான் பாக்கி.

பெட்டிக்குள் கூட்டம் பிதுங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஜன்னலோரம் பார்த்தாள். ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு, கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, மடியில் சாப்பாட்டுப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். யாரோ பாவம் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் பார்த்தால் அந்தப் பை தெரிந்த பையாக இருந்தது.

அண்ணன்.

இந்த நேரத்தில் அவன் ரயிலில் இருக்கக் கூடாது. அண்ணனுக்கு ராத்திரி வேலை. கடைசி ரயில் போனபிறகு தண்டவாளத்தில் இறங்கி, தேய்ந்ததை மாற்றி, தளர்ந்ததை முடுக்கி, முதல் ரயிலுக்குப் பாதையை ஒப்படைக்கிற கூட்டத்தில் ஒருத்தன். விடிந்ததும் வீட்டுக்குப் போய், தங்கை வரைந்து கொடுத்த படுக்கையறையில் போர்வைக்குள் கிடக்கவேண்டிய மனிதன் இங்கே என்ன பண்ணுகிறான்?

எழுப்பக் கை நீட்டினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கை தானாகவே திரும்பி வந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கறுத்துக் குழி விழுந்திருந்தது. தாடை எலும்பு தனியாகத் தெரிந்தது. போன மாதம் பார்த்தபோது, "இளைச்சிட்டியே, டயட்டா?" என்று கிண்டல் வேறு பண்ணியிருந்தாள். அவனும் சிரித்து வைத்தான்.

அவள் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்தது. இறங்கவில்லை. அண்ணனின் தலைக்கு மேலே நின்றுகொண்டே இருந்தாள். காரணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருக்கத்தான் கொஞ்ச நேரம் முயற்சி பண்ணினாள்.

விஷயம் இதுதான். அந்த இடம் மலிவாகக் கிடைத்ததே தண்டவாளம் ஒட்டி இருந்ததால்தான். சத்தத்துக்கு என்ன செய்வது என்று எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். தடித்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டால் பாதிப் பேருக்கு வீடு எட்டாக்கனி ஆகிவிடும். அப்போதுதான் பாப்பாவுக்கு அந்தப் பிரமாதமான யோசனை உதித்தது. ராத்திரியில் ரயில் ஓடுவதில்லை. படுக்கையறைகளைத் தண்டவாளப் பக்கம் தள்ளிவிட்டு, கூடத்தையும் சமையலறையையும் உள்முற்றத்துப் பக்கம் வைத்தால், பகலில் எல்லாரும் முற்றத்துப் பக்கம் இருப்பார்கள், ராத்திரி சத்தமே இல்லாத பக்கம் தூங்குவார்கள். சாதாரண ஜன்னலே போதும். சத்தம் அளக்கிற கருவியை எடுத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் போய் அளந்தாள். ஒரு ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. அவள் அளந்துகொண்டு நின்ற அந்த நேரத்தில் அண்ணன் அதே பாதையில் எங்கேயோ கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தான். ரயில் ஓடாத நேரம்தான் அவனுக்கு வேலை நேரம். தூக்கம் என்றால் ராத்திரி என்று, ராத்திரி வேலைக்காரன் கூடப் பிறந்தவளே கணக்குப் போட்டாள் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

கணக்குத் தப்பிப்போய்விட்டது என்றால்கூட மன்னித்துவிடலாம். வரையும்போது அண்ணன் ஞாபகம் அவளுக்கு வந்தது. வராமல் இல்லை. வந்ததும், "அவன் எங்க போட்டாலும் தூங்குவான்" என்று நினைத்துக்கொண்டு அடுத்த கோட்டை இழுத்தாள். சின்ன வயதில் வீட்டில் அவனுக்குக் கட்டை என்று பெயர். ஒருதடவை படுத்தால் கட்டை மாதிரிக் கிடப்பான். அந்தப் பட்டப்பெயரை நம்பி ஒரு கட்டடத்தையே கட்டிவிட்டாள்.

அதைவிடப் பெரிய கூத்து அப்புறம் நடந்தது. பாப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. உறுப்பினர்களுக்குக் காகிதத்தில் வரைபடம் காட்டினால் புரியாது என்று, வெறுந்தரையில் சுண்ணாம்புப் பொடியால் நிஜ அளவுக்கே வீடுகளை வரைந்து, உள்ளே நடந்து பார்க்கச் சொல்வாள். தண்டவாளத்தை ஒட்டிய அந்த மனைக்குள் கூட்டமாக இறங்க ரயில்வேக்காரர்கள் விட்டதே, பராமரிப்புக்காக அந்தப் பாதையில் ரயிலை நிறுத்தியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்; பகல் சத்தம் எப்படி இருக்கும் என்று யார் காதிலும் விழவில்லை. ஆளாளுக்குக் கோட்டு வீட்டுக்குள் நடந்து, இல்லாத கதவைத் திறந்து, இல்லாத அடுப்பில் காபி போட்டு ஒரே கும்மாளம். அப்போது ஒரு நர்ஸ் பெண் மட்டும் படுக்கையறைக் கோட்டுக்குள் நின்றுகொண்டு கேட்டாள்.

"மேடம், எனக்கு நைட் டியூட்டிதான் ஜாஸ்தி. நான் பகல்லதான் தூங்குவேன். எனக்கு இது சரிப்படுமா?"

இன்னும் சில பேர் நைட் வேலைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே திட்டம் ஆட்டம் கண்டுவிடுமோ என்று பாப்பா பயந்துபோனாள். சட்டென்று கையை நீட்டினாள்.

"அதோ நிக்கிறாரே, எங்க அண்ணன். அவருக்கும் நைட் வேலைதான். அதுவும் தண்டவாளத்துலயே. அவரே இங்கதான் வரப்போறாரு. சரிப்படாதுன்னா சொந்த அண்ணனை வரச் சொல்வேனா? என்னண்ணா, சரிதானே?"

அண்ணன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் பார்க்கிறார்கள். தங்கையும் பார்க்கிறாள். தலையை ஆட்டினான். அவ்வளவுதான், நர்ஸ் பெண் சிரித்தாள், மற்றவர்களும் சிரித்தார்கள், திட்டம் நிறைவேறியது.

ரயில் கடைசி ஸ்டேஷனில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அண்ணன் அசையவில்லை. இதே ரயில் திரும்பவும் அந்தக் கோடிக்குப் போகும் என்பது தூக்கத்திலேயே அவனுக்குத் தெரியும் போலிருந்தது. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள். தூக்கிவாரிப்போட்டு எழுந்தான்.

"பாப்பா? நீ எங்க இங்க? ஆபீஸ் போகல?"

"நீ எங்கண்ணா இங்க?"

"சும்மா... ஒரு வேலையா வந்தேன்."

"பொய் சொல்லாத."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, வெளியே பார்த்தான். மாட்டிக்கொண்ட சின்னப் பையன் மாதிரி இருந்தது முகம். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"வீட்ல தூக்கம் வர்றதில்ல பாப்பா. அந்த இடத்துல பாதை வளையுதில்ல? ஸ்டேஷனும் கிட்டத்துல. ஒவ்வொரு வண்டியும் பிரேக் போட்டுக்கிட்டே வரும். கண்ணை மூடினா கீச்சுனு அறுக்கும். கூடத்துல படுக்கலாம்னா அந்தப் பக்கம் நடைபாதை, குழந்தைங்க விளையாட்டு. ஜன்னலைச் சாத்தினா வெந்து போயிடுது."

"ரயில் சத்தம் தாங்காமத்தான் ரயில்லயே வந்து தூங்குறியா?"

"உள்ள இருந்தா அவ்வளவா தெரியாது. ஆட்டி ஆட்டி விடுது, தூங்கிடுறேன்." அவனே சிரித்துக்கொண்டான். "பாஸ் இருக்கு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமா போய்ட்டு வந்துடுவேன். டிக்கெட் பரிசோதகர்ங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான், எழுப்ப மாட்டாங்க."

பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"குடிவந்ததுல இருந்தேன்னு வெச்சுக்கோயேன்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியும். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கிட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "போன வாரம் பாதையில நின்னுக்கிட்டே கண்ணை அசந்துட்டேன் பாப்பா. தண்டவாளம் ஏத்திட்டு வர்ற வண்டி பின்னால வந்திருக்கு. கூட இருந்தவன் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். இல்லன்னா கால் போயிருக்கும்."

கால் என்று சொன்னான். காலோடு போயிருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் இன்னைக்கே கூட்டத்துல சொல்றேன்" என்றாள்.

"ஐயையோ, கெடுத்தே!" அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உன் பேரு என்னாவறது? ரெண்டாவது கட்டடம் வேற இருக்கு. அதோட அந்த நர்ஸ் பொண்ணு. பார்க்கிறப்ப எல்லாம் கேட்கும். உங்களுக்குத் தூக்கம் வருதாண்ணேன்னு கேட்கும். நான் நல்லா தூங்குறேன்மா, உனக்கும் பழகிடும்னு சொல்லிச் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப நீ போய் அது பொய்யின்னு சொன்னா, எந்த முகத்தை வெச்சிக்கிட்டு அது எதிர்ல நடப்பேன்? விட்டுடு பாப்பா. எப்படியோ சமாளிக்கிறேன்."

விட்டுவிடு என்று அவன் சொன்னதும் அவளுக்குள் எங்கேயோ ஓர் ஓரத்தில் ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது பாருங்கள், அதைத்தான் அவளால் அன்றைக்கு முழுக்க மன்னிக்க முடியவில்லை. சீச்சீ, என்ன ஜென்மம் நாம் என்று இருந்தது.

ஆபீஸுக்குப் போய் வரைபடத்தை விரித்தாள். படுக்கையறையை உள்முற்றத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நடைபாதையை வேறு பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு மாடிக்கு ஒரு வீடு குறைந்தது. காத்திருப்பவர்களில் ஒரு கூட்டம் வெளியே நிற்கவேண்டியதுதான். அவர்களும் பாவப்பட்டவர்கள்தானே என்று ஒரு மனசு சொன்னது. ஆமாம், உனக்கு எப்போதும் ஒரு சாக்கு கிடைத்துவிடும் என்று இன்னொரு மனசு சொன்னது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் பழைய வரைபடத்தையே சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள் அங்கே போய் எதையும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

கூட்டம் முதல் கட்டடத்தின் கீழ்த்தளப் பொதுக்கூடத்தில். சங்கத் தலைவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டக்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு பாருங்க" என்று நாற்காலிகளை நிரப்பிக்கொண்டிருந்தார். உறுப்பினர்கள், இரண்டாவது கட்டடத்துக்குக் காத்திருப்பவர்கள் என்று கூடம் நிறைந்துவிட்டது. அண்ணன் பின்வரிசையில் சாப்பாட்டுப் பையோடு வந்து உட்கார்ந்தான். கூட்டம் முடிந்ததும் நேரே வேலைக்குப் போகவேண்டும். பாப்பாவைப் பார்த்து, சொல்லாதே என்பது போலத் தலையை அசைத்தான்.

பாப்பா வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள். வாய் தானாகவே பேசியது. உள்முற்றம், காற்று, வெளிச்சம், ஸ்டேஷனுக்கு நேராக ஒரு வாசல். படுக்கையறை என்று வந்தபோது சட்டென்று அடுத்ததற்குத் தாவினாள். புதிதாகச் சேரவிருந்த ஒருவர் விடவில்லை, எழுந்தார்.

"பெட்ரூம் எல்லாம் தண்டவாளத்தைப் பார்த்து இருக்கே. நான் வாட்ச்மேன். பகல்லதான் தூங்குவேன். முடியுமாங்க?"

பாப்பா வாயைத் திறக்குமுன் கண்டக்டர் முந்திக்கொண்டார். "அந்தச் சந்தேகமே வேணாம். நம்ம மேடத்தோட அண்ணனே இங்கதான் இருக்காரு. நைட் வேலைக்காரரு. அவரையே கேளுங்க. அண்ணே, நீங்களே சொல்லுங்க!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் நாற்காலியில் சரிந்து, தலை ஒருபக்கம் தொங்க, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். குறட்டை மெலிசாகக் கேட்டது.

கூடம் கொல்லென்று சிரித்தது. "இவருக்கா தூக்கம் வராது!" என்றார் கண்டக்டர். "ஒக்காந்த எடத்துலயே இப்படின்னா பெட்ரூம்ல எப்படி இருக்கும்! போதுமாய்யா சாட்சி?" வாட்ச்மேனும் சிரித்துவிட்டார். "சரி, திட்டத்துக்கு ஆதரவு குடுக்குறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் எழும்பின. வாட்ச்மேனின் கையும் எழும்பியது. அதைப் பார்த்ததும் பாப்பாவுக்கு என்னவோ ஆனது.

"கையைக் கீழ போடுங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "தயவுசெய்து போடுங்க. அவரு தூங்குறதே இல்ல. அந்த ரூம்ல படுக்கவே முடியல. தினமும் ரயில்ல ஏறி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கிட்டே தூங்குறாரு. போன வாரம் பாதையில செத்துப் பொழைச்சிருக்காரு. நான் ராத்திரி மட்டும்தான் சத்தம் அளந்தேன். பகல்ல தூங்குறவங்களை நெனைக்கவே இல்ல. இல்ல, நெனைச்சேன். நெனைச்சும் விட்டுட்டேன். இந்தப் பிளான் தப்பு."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கின மாதிரி இருந்தது. இறங்கின கல் எங்கே போய் விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை.

கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில்தான் அண்ணன் விழித்தான். கண்ணைத் திறந்தவன் எதிரில் நர்ஸ் பெண் நின்றுகொண்டிருந்தாள். டியூட்டிக்குப் போகிற உடையில் இருந்தாள்.

"அண்ணே, மேடம் சொல்றது நெஜமா? நீங்க ரயில்லயா தூங்குறீங்க?"

அண்ணன் அவளைப் பார்த்தான். அப்புறம் அவள் தோளைத் தாண்டித் தங்கையைப் பார்த்தான். என்ன சொல்லணும் பாப்பா என்று கேட்கிற பார்வை. பாப்பாவால் தலையை ஆட்டவும் முடியவில்லை, அசைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

"நெஜம்தாம்மா" என்றான்.

நர்ஸ் பெண் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோபமாகப் பேசினால்கூடத் தேவலை. அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"நீங்க நல்லா தூங்குறேன்னு சொன்னீங்கல்ல, அதனால எனக்குத்தான் ஏதோ வியாதின்னு நெனைச்சேண்ணே. அதே ரூமு, அதே சத்தம், அவரு தூங்குறாரு, நமக்கு மட்டும் ஏன் வரலைன்னு. டாக்டர்கிட்ட காட்டினேன். மாத்திரை எழுதிக் குடுத்தாரு. இப்ப அது இல்லாம கண்ணே மூடுறதில்ல. டியூட்டில கை நடுங்குது. ஊசி போடுற வேலையை என்கிட்டருந்து எடுத்துட்டாங்க."

அண்ணன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டான். பாப்பா ஓடிவந்தாள்.

"அவரு மேல தப்பில்லம்மா. எல்லாம் என்னாலதான். நான்தான் அன்னைக்கு அவரைக் கைகாட்டினேன்."

"தெரியும் மேடம்" என்றாள் நர்ஸ் பெண். "ஆனா நான் உங்களை நம்பி வரல. அவரை நம்பித்தான் வந்தேன்."

அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். கண்டக்டர் தொண்டையைக் கனைத்து, வேறு பிளான் வரும்வரைக்கும் கூட்டத்தை ஒத்திவைப்பதாகச் சொன்னார். சனங்கள் கலைந்தார்கள். வாட்ச்மேன் பாப்பாவைத் தாண்டிப் போகும்போது ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று போய்விட்டார். சுவரிலிருந்த வரைபடத்தைப் பிரிக்க யாரும் கைகொடுக்கவில்லை. பாப்பா தனியாகவே பிரித்தாள்.

வெளியே வந்தபோது அண்ணன் மாடிப்படியடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். "இன்னைக்கு நான் பாதையில இறங்கலைங்க. உடம்பு சரியில்லன்னே போட்டுக்கோங்க. என் கண்ணை நானே நம்ப முடியாது." அவன் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லி அவள் கேட்டதே கிடையாது.

போனை வைத்தவன் தங்கையைப் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்தான். பாப்பாவும் ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"சொல்லாதன்னு சொன்னேனே" என்றான்.

"அந்த வாட்ச்மேன் கையைத் தூக்கினாருண்ணா. பார்த்துக்கிட்டு எப்படி நிக்கிறது?"

"நீ சொன்னது சரிதான். சொல்லாம இருந்திருந்தாத்தான் தப்பு." சாப்பாட்டுப் பையைப் படியில் வைத்தான். "உனக்காக ஒருதடவை தலையை ஆட்டினேன் பாப்பா. அது வீட்டுக்குள்ள இருக்கிற விஷயம்னு நெனைச்சேன். அந்தப் பொண்ணு கை நடுங்குதாம்."

பாப்பாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டாள். பையைத் துழாவி வீட்டுச் சாவியை எடுத்தாள். அவள் வீடு நகரத்தின் அமைதியான பகுதியில், மரங்கள் மூடிய ஒரு முட்டுச்சந்தில். பகலில் ஆள் இருக்கமாட்டார்கள். காக்காய் கத்தினால்தான் சத்தம். காலையில் ரயிலில் அத்தனை பேச்சு பேசினோமே, அப்போது இது நமக்குத் தோன்றவே இல்லையே என்று கூசிப்போனாள்.

"அண்ணா, பிளான் மாத்துறதோ, இங்க ஜன்னலை மாத்துறதோ, எல்லாம் ஆகறவரைக்கும் என் வீட்ல வந்து தூங்கு. பகல்ல யாருமே இருக்க மாட்டோம். ரூம் காலியாத்தான் கிடக்கு."

அண்ணன் சாவியைப் பார்த்தான். கண்கள் சொருகிக்கொண்டு போயின. வாங்கிக்கொள்வான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"எனக்கு ரயில் இருக்கு" என்றான். "இதை அந்தப் பொண்ணுக்குக் குடு. நாளைக்குக் காலையில டியூட்டி முடிஞ்சு நேரா அங்க போகட்டும். மொதல்ல அது தூங்கட்டும்."

"நீ?"

"போ பாப்பா. டியூட்டிக்குக் கிளம்பிடப் போகுது."

பாப்பா எழுந்து மாடி ஏறினாள். அவளே அகலமாக வரைந்த நடைபாதை. இரண்டு பக்கமும் செருப்புகள், ஒரு மூன்று சக்கர சைக்கிள், தண்ணீர் ஊற்றின பூந்தொட்டிகள். எல்லாம் அவள் ஆசைப்பட்டபடியே இருந்தன. நர்ஸ் பெண்ணின் கதவுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினாள். அப்போது ஸ்டேஷனுக்குள் ரயில் ஒன்று வந்தது. கதவு லேசாக அதிர்ந்தது. உள்ளேயிருந்து பிரேக்கின் கீச்சொலி நீண்டு நீண்டு வந்துகொண்டே இருந்தது. முந்தைய கூட்டங்கள் முடிந்து பல தடவை இந்த நடைபாதையில் நடந்திருக்கிறாள், நின்று கேட்டதில்லை.

இப்போது தட்டினால் உள்ளே கேட்காது. ரயில் போய்த் தொலையட்டும் என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.